அவள் வழக்கு, அவள் இல்லாத சபை

மரக்காணம் உப்பளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியின் வெள்ளைக் கூச்சம் கண்ணைத் திறக்கவிடாது. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக் காயவைத்து, உப்பு விளைந்ததும் ஆண்கள் பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். நீர் சொட்டும் அந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. கூடையிலிருந்து வழியும் நீர் பிடரியில் இறங்கும். குதிகால் வெடிப்புக்குள் உப்பு ஏறி எரியும். ஒதுங்க மறைவிடம் கிடையாது என்பதால் தாகத்துக்குக்கூட அளந்துதான் தண்ணீர் குடிக்கிறார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த அளங்களின் விளைச்சல் அவர்கள் தலையில் ஏறித்தான் கரை சேர்கிறது. ஆனால், கூலி பேசும் இடத்தில் அவர்களைக் காண்பது அரிது. குத்தகைதாரர், கங்காணி, ஆண் தொழிலாளர்கள் என்று பேச்சு முடிந்துவிடும். முடிவு மட்டும் பெண்களின் காதுக்கு வந்து சேரும்.

உப்பளத்தில் கூலிக்கு நடப்பது, நம் மாநிலத்தின் பல ஊர்களில் முஸ்லிம் பெண்ணின் மணவாழ்வுக்கு நடந்துவந்திருக்கிறது. மரக்காணத்திலிருந்து கடலை ஒட்டியே தெற்கே போனால் கோட்டக்குப்பம், பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. உள்மாவட்டங்களிலும் இப்படி எத்தனையோ ஊர்கள். நிக்காஹ், தலாக், ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகள் முதலில் போகும் இடம் பள்ளிவாசல் ஜமாஅத். நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆண்கள். கூட்டம் கூடுவது பள்ளிவாசலில். பல ஊர்களில் பெண்கள் அங்கே போகும் வழக்கமே இல்லை. வழக்கு அவளுடையது, அதை எடுத்துச் சொல்ல அத்தாவோ அண்ணனோ போக வேண்டும். அப்படிப் போக ஆள் இல்லாதவள், அல்லது அண்ணனே எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்துவிட்டவள், தன் வாழ்க்கை என்ன ஆயிற்று என்பதை அடுத்தவர் வாயால் தெரிந்துகொள்கிறாள்.

இந்த நிலையில் வளர்ந்த ஒரு பெண் 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மா. வாழ்த்துகள் குவிந்தன. ‘வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெண் நாடாளுமன்றம் போனார்’ என்று பெருமையாகப் பேசினோம். அந்தப் பெருமையில் பங்கெடுத்துக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடான வீட்டிலிருந்து வந்து வெளிப்படையாகப் பேசும் பெண்ணைத் துணிச்சல்காரி என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துபோவது எளிது. அவளைப் போன்ற பெண்களுக்குத் துணிச்சல் என்றுமே குறைவாக இருந்ததில்லை. பேச்சு நடக்கும் இடத்தில் அவர்களுக்கு ஓர் இருக்கை இருந்ததில்லை. சல்மாவின் கதையிலும், அவரைப் போன்ற பிறரின் கதையிலும், இருக்கை கிடைத்த பிறகே ஊர் அவர்கள் சொன்னதைக் கேட்டது.

மளிகைப் பொட்டலத்துத் தாள்

1968இல் பிறந்த சல்மாவின் படிப்பு, அவர் வயதுக்கு வந்ததோடு நிறுத்தப்பட்டது. தோழிகளோடு ஒரு சினிமாவுக்குப் போய்வந்தது வீட்டுக்குத் தெரிந்ததும் வீட்டின் கதவு இன்னும் இறுக்கமாக மூடியது. அன்று அந்த ஊரில் இது விநோதமான தண்டனை ஒன்றுமில்லை. பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கு இதுதான் வழக்கம். வீட்டுக்குள் இருந்த பெண் கைக்கு எட்டியதையெல்லாம் படித்தார். மளிகைச் சாமான் கட்டிவந்த செய்தித்தாள் துண்டைக்கூட நீவிவிட்டு வாசித்தார். எழுதத் தொடங்கினார். திருமணத்துக்குச் சம்மதிக்க வைக்க அம்மாவின் உடல்நிலையைக் காரணமாகக் காட்டினார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புகுந்த வீட்டில் எழுதத் தடை. எல்லோரும் தூங்கிய பிறகு கழிப்பறைக்குள் நின்று எழுதினார். எழுதிய தாள்களை ஒளித்துவைத்து, பார்க்கவரும் அம்மாவிடம் ரகசியமாகக் கொடுத்தனுப்பினார். எந்த அம்மாவின் நோயைச் சொல்லிக் கழுத்தை நீட்டச் சொன்னார்களோ, அந்த அம்மாதான் மகளின் கவிதைகளை வெளியுலகுக்குக் கொண்டு சேர்த்தார்.

‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்தது. 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, வெளியில் யாரும் பார்த்திராத வீட்டு முற்றங்களை நாவலாக்கியது. அந்தப் பெண்களின் பேச்சு, பொறாமை, பக்தி, ஆசை, பயம் எல்லாம் எந்த ஒப்பனையும் இல்லாமல் அதில் வந்தன. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கிம் லாஞ்சினாட்டோ எடுத்த ‘சல்மா’ ஆவணப்படம் 2013இல் உலகத் திரைவிழாக்களுக்குப் போனது. இடையில் 2003 வாக்கில், சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகிய பெண் கவிஞர்களின் எழுத்தை ஆபாசம் என்று திரைப்பாடலாசிரியர்கள் சிலர் தாக்கினார்கள். பெண் தன் உடலைப் பற்றிச் சொன்னால் முகம் சுளிப்பது எந்த மதத்தின் தனிச்சொத்தும் இல்லை என்பதைத் தமிழ்ச் சமூகம் அன்று தானே காட்டிக்கொண்டது.

கவிதை அவருக்கு வாசகர்களைத் தந்தது. ஊரில் அவருக்கு இடம் தந்தது வேறொன்று. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடும்பத்திலிருந்து ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் பெண்ணைத்தான் நிறுத்தியாக வேண்டும். எந்த வீடு அவரை வெளியே விட மறுத்ததோ, அந்த வீடே அவரை வேட்பாளராக்கியது. அவர் வாசல் வாசலாகப் போய் வாக்குக் கேட்டு, வென்று, பேரூராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியைப் போட்டது 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள். அதன் பிறகு வந்தவைதான் 2006இல் மருங்காபுரி சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் வாய்ப்பு, சமூக நல வாரியத் தலைவர் பொறுப்பு, இன்றைய மாநிலங்களவை எல்லாம். ஒரு சட்டப் பிரிவு திறந்த கதவு வழியே அவர் வந்தார். வந்த பிறகு அவர் யார் என்பதை நாடு பார்த்தது.

புதுக்கோட்டையில் ஒரு ஜமாஅத்

சல்மாவுக்கு அரசு ஒரு நாற்காலி போட்டது. தாவூத் ஷரீஃபா கானம் தானே ஒன்றைச் செய்து போட்டுக்கொண்டார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒருவர். தாயின் உழைப்பில் வளர்ந்தவர். அலிகர் வரை போய்ப் படித்தவர். 1988இல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனார். மற்றவர்களின் துயரத்தை மொழி மாற்றிச் சொல்லப் போனவருக்கு, அதெல்லாம் தன் வீட்டிலும் தன் தெருவிலும் நடப்பதுதான் என்பது உறைத்தது. அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பெண்களைத் திரட்டிய காலத்துப் புதுக்கோட்டையில், ‘ஸ்டெப்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பு அவர் முயற்சியில் உருவானது.

எல்லா மதத்துப் பெண்களும் அங்கே வந்தார்கள். ஆனால், முஸ்லிம் பெண்களின் வழக்கு ஓர் இடத்தில் போய் முட்டி நின்றது. காவல் நிலையத்துக்குப் போனால், ‘உங்க ஜமாஅத்தில் பேசிக்கோங்கம்மா’ என்றார்கள். ஜமாஅத்துக்குப் போனால், ‘வீட்டு ஆம்பிளையை வரச் சொல்லு’ என்றார்கள். கடிதத்தில் வந்த தலாக், தொலைபேசியில் சொன்ன தலாக், கொடுத்த நகையைத் திருப்பித் தராத வழக்கு, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்ட வழக்கு என்று குவிந்தன. அவள் இல்லாத இடத்தில்தான் அத்தனையும் தீர்மானிக்கப்பட்டன.

அதற்கு ஷரீஃபா கண்ட பதில் எளிமையானது, ஆனால் ஊரை உலுக்கியது. பெண்களே ஒரு ஜமாஅத் நடத்துவது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வந்து கூடினார்கள். பாதிக்கப்பட்டவள் வட்டத்தில் உட்கார்ந்து தன் வாயால் சொன்னாள். கணவன் தரப்புக்குக் கடிதம் போனது. அவர்கள் தரப்பும் கேட்கப்பட்டது. ஷரியத்தில் அவளுக்கு என்ன உரிமை, நாட்டின் சட்டத்தில் என்ன உரிமை என்று இரண்டும் பேசப்பட்டன. தேவைப்பட்டபோது கூட்டமாகக் காவல் நிலையத்துக்கும் ஊர் ஜமாஅத்துக்கும் போனார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படம் அந்தப் பெண்களை அப்படியே காட்டுகிறது. முக்காடு போட்டவர்கள், தொழுகை விடாதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், சட்டப் பிரிவை எண்ணோடு சொல்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.

பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று ஷரீஃபா சொன்னபோதுதான் எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. தொழுவதற்கு வீடே போதும் என்றார்கள். அவர் கேட்டது தொழ மட்டும் ஓர் இடமில்லை. வழக்கு பேசும் இடம் பள்ளிவாசலாக இருந்து, பள்ளிவாசலுக்குள் பெண் வர முடியாது என்றால், நீதி பேசும் இடத்துக்குள்ளும் அவள் வர முடியாது. மரக்காணத்து வரப்பில் நின்று யோசித்தாலும் இந்தக் கணக்கு பிசகாது. பேச்சு நடக்கும் இடத்தைப் பெண்ணுக்கு மூடிவிட்டால், பேச்சின் பலனும் அவளுக்கு மூடியதுதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தில் இரண்டு தரப்பு ஒரே குரலில் பேசத் தொடங்கும். ‘இதுதான் உங்கள் மார்க்கம்’ என்று வெளியிலிருந்து ஒரு தரப்பு. ‘இதுதான் நம் மார்க்கம், கேள்வி கேட்காதே’ என்று உள்ளிருந்து ஒரு தரப்பு. இரண்டுமே உண்மையைச் சொல்லவில்லை.

குர்ஆனில் ‘அல் முஜாதலா’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தர்க்கம் செய்த பெண்ணை வைத்து அதற்குப் பெயர். கவ்லா பின்த் ஸஃலபா என்ற அந்தப் பெண், அண்ணனையோ தந்தையையோ தூது அனுப்பாமல், கணவன் தனக்குச் செய்த அநீதியை நபியவர்களிடம் நேரில் வந்து முறையிட்டார், வாதாடினார். அவர் முறையீட்டை இறைவன் செவியேற்றான் என்று சொல்லி அந்த அத்தியாயம் தொடங்குகிறது. ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 35ஆம் வசனம், தம்பதிக்குள் பிளவு வந்தால் கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் என்று இரண்டு நடுவர்களை வைக்கச் சொல்கிறது. அன்னை கதீஜா வணிகம் நடத்தியவர். அன்னை ஆயிஷா ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்தவர். ஆண்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள். மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. அதைப் பெயருக்கு ஒரு தொகையாகச் சுருக்கிவிட்டு, பெண்வீட்டாரிடம் கைக்கூலி வாங்கும் வழக்கத்தை மார்க்கம் தரவில்லை, ஊர் தந்தது. அந்தக் கைக்கூலிக்குப் பல ஜமாஅத்துகள் துணைபோவதாக ஷரீஃபா மேடையில் சொன்னபோது வலித்தது பலருக்கு. வலித்ததற்குக் காரணம் அது உண்மை என்பதே.

தமிழ் முஸ்லிம் மரபிலும் பெண்ணின் குரல் புதிதாக இறக்குமதியானது இல்லை. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் சில வகுப்புகளே படித்தவர். இளவயதிலேயே கணவரை இழந்தவர். அவர் 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை தந்தார். முஸ்லிம் பெண் எழுதுவதா என்று முணுமுணுத்த காலத்தில் அவர் தன் பெயரிலேயே தொடர்ந்து எழுதினார். காயல்பட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வீடு பெண்ணின் பெயரில் இருக்கும் ஊரில் ‘வெளியே போ’ என்று அவளைச் சொல்வது எளிதில்லை. வங்காளத்தில் பேகம் ருக்கையா 1905இலேயே பெண்கள் ஆளும் நாட்டைக் கதையாக எழுதினார். 1911இல் கொல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். மொராக்கோவில் அந்தப்புரச் சுவருக்குள் வளர்ந்த ஃபாத்திமா மெர்னிஸ்ஸி, நபிமொழி நூல்களையே ஆராய்ந்து பெண்ணின் உரிமையை வாதாடினார். இவர்களில் யாரும் தம் மக்களை விட்டு ஓடியவர்கள் இல்லை. தம் மக்கள் நடுவே உட்கார இடம் கேட்டவர்கள்.

நீதிமன்றம் திறந்த கதவுகள்

சட்டத்தின் பயணமும் நீண்டது. 1937இல் ஷரியத் சட்டம். 1939இல் முஸ்லிம் பெண் நீதிமன்றம் போய் மணவிலக்குப் பெறக் காரணங்களை வகுத்த சட்டம். 1985இல், மணவிலக்கான முஸ்லிம் பெண்ணின் ஜீவனாம்ச உரிமையை உறுதிசெய்த ஷா பானு தீர்ப்பு. அதற்கு எழுந்த எதிர்ப்பில் அரசு பணிந்து 1986இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில், இத்தா என்ற காத்திருப்புக் காலத்துக்குள்ளேயே மணவிலக்கான பெண்ணின் எதிர்கால வாழ்வுக்கும் கணவன் நியாயமான ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், காரணமும் சமரச முயற்சியும் இல்லாத தலாக் செல்லாது என்றது. 2017 ஆகஸ்ட் 22இல் ஷாயரா பானு வழக்கில் முத்தலாக் வீழ்ந்தது. 2024 ஜூலை 10இல், மணவிலக்கான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது உறுதியானது.

இந்தப் பட்டியலில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. வழக்கறிஞரும் வக்ஃப் வாரியத்தின் முன்னாள் தலைவரும் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவருமான பதர் சயீத், காஜிகள் தலாக் சான்றிதழ் கொடுப்பதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். கணவன் சொன்னதைக் கேட்டு, மனைவியைக் கேட்காமலே கொடுக்கப்பட்ட காகிதங்கள் அவை. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் அப்படி ஓர் அதிகாரத்தைத் தரவில்லை என்பது அவர் வாதம். அந்தச் சான்றிதழ் வெறும் கருத்து, சட்டப்படி செல்லுபடியாகும் ஆவணம் ஆகாது என்று 2017 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. அவளைக் கேட்காமல் அவள் மணவாழ்வை முடிக்கும் ஒரு வழி அதோடு அடைபட்டது.

ஆனால், எல்லாச் சட்டமும் கதவைத் திறப்பதில்லை. 2019இல் வந்த முத்தலாக் தண்டனைச் சட்டம், செல்லாத தலாக்கைச் சொன்னவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது. சிறைக்குப் போனவன் மாதச் செலவுக்கு எங்கிருந்து கொடுப்பான் என்ற கேள்வியைப் பெண்களே கேட்டார்கள். மற்ற மதத்தில் மனைவியைக் கைவிட்டுப் போகிறவன் உரிமையியல் வழக்கை மட்டும் சந்திக்க, இங்கே மட்டும் சிறை ஏன் என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் வரவில்லை. அவளைப் பாதிக்கும் சட்டத்தை எழுதியபோதும் அவளிடம் போதுமான அளவு யாரும் கேட்கவில்லை. டெல்லியில் கூடியதும், அவள் இல்லாத இன்னொரு சபை.

இரு பக்கத்து நெருக்கடி

வெளிப்படையாகப் பேசும் முஸ்லிம் பெண்ணுக்கு இருபுறமும் நெருக்கடி. உள்ளே பேசினால், ‘சமுதாயத்தைக் காட்டிக்கொடுக்கிறாள்’ என்பார்கள். வெளியே அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவள் தம்பியின் கடையில் பொருள் வாங்காதே என்பவர்கள் இருக்கிறார்கள். 2022இல் கர்நாடகத்தில் முக்காட்டைக் காரணம் சொல்லி மாணவிகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள். சல்மாவின் படிப்பை வீடு நிறுத்தியது. இவர்களின் படிப்பைக் கல்லூரி வாயில் நிறுத்தியது. முக்காட்டைப் போடு என்று கட்டாயப்படுத்துவதும் கழற்று என்று கட்டாயப்படுத்துவதும் அவள் விருப்பத்தைக் கேட்காத ஒரே செயலின் இரண்டு வடிவம். முதலாவதைக் கண்டிக்கிறவர் இரண்டாவதையும் கண்டிக்க வேண்டும்.

கடலுக்கு அக்கரையிலும் இதே கதை. இலங்கையின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணமகளின் கையொப்பம் கட்டாயமில்லை. காதி நீதிபதியாகப் பெண் வர முடியாது. அதைத் திருத்த ஆராய 2009இல் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைத்த குழுவின் அறிக்கை 2018இல்தான் வந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் எத்தனை பெண்பிள்ளைகள் கையெழுத்துப் போடாமலே மணமேடையைக் கடந்திருப்பார்கள்! ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் பாலியல் தொழிலாளரின் பாதுகாப்பு பற்றிச் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டார். நாட்டைவிட்டு விலகி இருக்க நேர்ந்தது. பிறகு அவர் கொல்லப்பட்டுவிட்டதாகப் பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். ஒரு கருத்துக்கு எதிர்க்கருத்து சொல்லியிருக்கலாம். அவர் பிணத்தைக் கற்பனை செய்து பார்த்தவர்கள் எந்த மார்க்கத்தைக் காத்தார்கள்?

செய்ய வேண்டியவை

ஜமாஅத் வேண்டாம் என்று சொல்வது எளிது. அது உண்மையறியாத பேச்சு. ஏழை வீட்டு மையித்தை அடக்கம் செய்வதிலிருந்து ஆதரவற்றவர்களுக்கு அரிசி கொடுப்பது வரை ஜமாஅத் செய்யும் வேலைகளுக்கு மாற்று இல்லை. 2004 சுனாமியில் பரங்கிப்பேட்டை ஜமாஅத், மதம் பாராமல் மீனவக் குடும்பங்களுக்குச் சோறாக்கிப் போட்டதை இந்தக் கடற்கரை மறக்காது. அந்த அமைப்பின் மீது மதிப்பு இருப்பதால்தான் அதில் பெண்களுக்கு இடம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் கோரிக்கை: ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தின் நிர்வாகக் குழுவிலும் பெண்கள் இருக்க வேண்டும். இது வானத்தைக் கேட்பது ஆகாது. மாநில வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தமே சொல்லிவிட்டது. மேலே இருக்கும் வாரியத்தில் உட்காரத் தகுதியுள்ளவள், தன் தெருவின் ஜமாஅத்தில் உட்காரத் தகுதியில்லாதவளா? வக்ஃப் நிறுவனங்களை மேற்பார்வையிடவும் அவற்றுக்கு நிர்வாகத் திட்டம் வகுக்கவும் வாரியத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பெண்கள் பள்ளிவாசலுக்கு வரத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமே 2020இல் உச்ச நீதிமன்றத்தில் எழுத்தில் கொடுத்திருக்கிறது. எழுத்தில் கொடுத்ததை ஊரில் நடத்திக்காட்ட வேண்டும்.

இரண்டாவது: மணவழக்கில் பெண்ணை நேரில் கேட்காமல் எந்த முடிவும் கூடாது. நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எவ்வளவு, நகை எவ்வளவு, அவள் விதித்த நிபந்தனைகள் என்ன என்பதெல்லாம் அவள் கண்முன்னே எழுதப்பட்டு, நகல் அவள் கையில் இருக்க வேண்டும். எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். அந்தப் பதிவை ஜமாஅத்தே முன்னின்று செய்துகொடுக்கலாம்.

மூன்றாவது, காவல் துறைக்கு: அடிபட்டு வரும் முஸ்லிம் பெண்ணை ஜமாஅத்துக்குத் திருப்பி அனுப்பும் பழக்கம் அடியோடு நிற்க வேண்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தபோது மதம் பார்த்து வரவில்லை. குடிமகளின் புகாரைப் பதிவு செய்யாமல் மதத்தின் பெயரைச் சொல்லி நழுவுவது மரியாதையாகாது; கைவிடுதல்.

நான்காவது, உப்பளத்துக்கு: கூலிப் பேச்சில் பெண் தொழிலாளர்களின் பிரதிநிதி உட்கார வேண்டும். தொழிலாளர் நல வாரியப் பதிவில் கணவன் பெயரோடு நின்றுவிடாமல் அவள் பெயரும் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அளம் மூழ்கி வேலை நிற்கும் மாதங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் உதவி, பெயர் இருப்பவருக்குத்தான் வரும். உப்புக்காக நடந்த பெரும்போரில்கூட முதலில் பெண்களுக்கு இடமில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1930இல் காந்தியோடு தண்டிக்குக் கிளம்பிய 78 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பெண்கள் விடவில்லை, வாதாடிப் போராட்டத்துக்குள் வந்தார்கள். வேதாரண்யத்தில் ருக்மணி லட்சுமிபதி சிறை சென்றார். இடம் தரப்படும் என்று காத்திருந்திருந்தால் அந்த வரலாற்றில் அவர் பெயர் இருந்திருக்காது.

வெளிப்படையாகப் பேசும் ஒரு பெண் உருவாவதற்குச் சல்மாவைப் போல இத்தனை ஆண்டுகள் கதவுக்குப் பின்னால் கழிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கழிப்பறையில் நின்று எழுதியது அவர் பெருமை. அப்படி எழுத வைத்தது நம் சிறுமை. இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் ஒரு ருக்கையாவோ ஆயிஷாவோ அதே தூரத்தைப் பகல் வெளிச்சத்தில், அத்தாவின் துணையோடு, ஊரின் வாழ்த்தோடு கடக்க முடியும். அவள் அசாதாரணமானவளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாத ஊரை உருவாக்குவது நம் வேலை.

ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நிர்வாகத் தேர்தல் அறிவிக்கும்போது, பெண்களும் மனுச் செய்யலாம் என்று ஒரு வரி சேர்த்து அறிவியுங்கள். மனுவோடு ஒரு பெண் வந்தால் வாங்கிப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்து வரும் மணவழக்கை அவளையும் உட்கார வைத்துக்கொண்டு விசாரியுங்கள். கவ்லாவின் முறையீட்டை இறைவனே செவியேற்றான் என்று ஓதுகிற சபைக்கு, தன் தெருப் பெண் சொல்வதைக் கேட்க இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.